கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? மின்சாரம் போகும் வழியிலேயே போய்ப் பாருங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்பதற்காக அதிலிருக்கும் படங்களும் ஃபைல்களும் போய்விட்டன என்று அர்த்தமில்லை. அவை ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ தனியாக இருக்கின்றன. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகையான மதர்போர்டே செத்துப்போனாலும், டிஸ்க் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஆகவே நிதானமாக உட்காருங்கள். அவசரத்தில்தான் தேவையில்லாத பாகங்களை வாங்குகிறோம், நன்றாக இருக்கும் பாகங்களை உடைக்கிறோம்.

மேசையில் வைத்துப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். லேப்டாப்புக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறேன். பல வருடங்களாக என் வீட்டிலும் நண்பர்கள் வீட்டிலும் இந்த வேலையைச் செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று ஊகித்துக்கொண்டு அதன்மேல் பாயக் கூடாது. சுவரிலிருந்து திரை வரை மின்சாரம் எந்த வழியில் போகிறதோ, நாமும் அதே வழியில் போக வேண்டும். எதுவரை வந்து நின்றிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பார்க்க வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், செய்ததும் ஆன் செய்து பார்க்க வேண்டும். நாலைந்து விஷயங்களை ஒரேயடியாக மாற்றியபின் அது ஓடிவிட்டால் எதனால் ஓடியது என்று தெரியாமலே போய்விடும். நாளைக்கு மறுபடி நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பட்டனை அழுத்தும்போது உள்ளே நடப்பது

சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம் பவர் கார்டு வழியாகப் பெட்டிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகிறது. பவர் சப்ளை என்று சொல்வதும் இதைத்தான். அது சுவர் மின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் மின்சாரமாக மாற்றித் தருகிறது. கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருக்கும்போதும்கூட, பிளக்கில் மின்சாரம் இருக்கும் வரை, எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு 5 வோல்ட் மின்சாரத்தைச் சிறிய அளவில் விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டன் வேலை செய்வதே அதை நம்பித்தான். முன்பக்கப் பட்டன் அறை விளக்குச் சுவிட்சைப் போன்றது அல்ல, அது மதர்போர்டுக்கு ஒரு தட்டு தட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புகிறது. வோல்ட் எல்லாம் சரியாக நிலைத்தபின் எஸ்எம்பிஎஸ் 'நான் தயார்' என்று ஒரு சிக்னலைத் திருப்பி அனுப்புகிறது. அது வந்த பிறகுதான் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் வேலையைத் தொடங்கி, தற்காலிக நினைவகமான ரேமைச் சோதித்து, படத்தை உருவாக்கும் கிராபிக்ஸைச் சோதித்து, திரையில் படம் காட்டி, டிஸ்க்கிலிருந்து விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்புகிறது.

இந்த வரிசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டனை அழுத்தியும் ஒரு விளக்குகூட எரியவில்லை, ஒரு விசிறிகூட அசையவில்லை என்றால், பெரும்பாலும் சுவருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பட்டனுக்கும் இடையில் எங்கோ தடை. விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை கருப்பாகவே கிடக்கிறது என்றால் மானிட்டர், ரேம், கிராபிக்ஸ் பக்கம் பாருங்கள். ஒன்றிரண்டு நொடி சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றுபோனால் எங்கோ ஷார்ட், அல்லது சூடு. லோகோ வந்து, அதற்கு அப்புறம் நிற்கிறது என்றால் அது டிஸ்க் அல்லது விண்டோஸ் கோளாறு. அந்தக் கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிட்டது, அதற்கான வைத்தியம் வேறு.

பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடியவை

கம்ப்யூட்டர் மாட்டியிருக்கும் அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கையோ போன் சார்ஜரையோ மாட்டிப் பாருங்கள். 'சுவரில் கரண்ட் இருக்கிறது' என்று சொல்பவர்கள் பலரும் பக்கத்துப் பிளக்கைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யூபிஎஸ் எதுவும் நடுவில் இல்லாமல் பவர் கார்டை நேராகச் சுவரில் மாட்டுங்கள். யூபிஎஸ்ஸின் பேட்டரி வயதாகிவிட்டால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் இழுக்கும் சுமையைத் தாங்காமல் வெட்டிவிடும்.

அடுத்தது பவர் கார்டு. பெட்டியின் பின்பக்கம் அது செருகும் இடத்தில் நன்றாக அழுத்துங்கள். பார்வைக்கு உள்ளே போனதாகத் தெரிந்தாலும் கடைசி சில மில்லிமீட்டர் வெளியே நின்றிருக்கும். பல மானிட்டர்களின் கார்டும் இதே வடிவம்தான், அதனால் இரண்டையும் மாற்றி மாட்டிச் சோதித்துவிடலாம்.

அப்புறம் அதே இடத்தில், கார்டுக்குப் பக்கத்தில், பல எஸ்எம்பிஎஸ்களில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் வட்டம். கோடு இருக்கும் பக்கம் அழுந்தியிருந்தால் ஆன். தோழி ஒருவர் இரண்டு நாளாக வேலை செய்யாத கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்லி அழைத்திருந்தார். மகளின் படிப்புக் குறிப்புகளெல்லாம் அதில் இருந்ததால் மிகவும் பயந்துபோயிருந்தார். பெட்டியின் பின்பக்கத்துத் தூசியைத் துடைத்தபோது துணி பட்டு அந்தச் சுவிட்ச் வட்டத்துப் பக்கம் சாய்ந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அதிலிருந்து இந்தச் சுவிட்சைப் பார்க்காமல் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை. பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்சும் இருக்கும். அது உங்கள் இடத்து மின்னழுத்தத்துக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று பாருங்கள், விளையாட்டுக்கும் நகர்த்திவிடாதீர்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் அதை 115-க்குத் தள்ளினால் எஸ்எம்பிஎஸ் வெடித்துவிடும்.

இப்போது பவர் கார்டைப் பிடுங்குங்கள். யூஎஸ்பி, பிரிண்டர், ஸ்பீக்கர், நெட்வொர்க் கேபிள் என்று பின்னால் இருப்பதை எல்லாம் கழற்றுங்கள். முன்பக்கப் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பவர் கார்டை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். மின்வெட்டுக்கும் இடிமின்னலுக்கும் பிறகு மயங்கிக் கிடக்கும் கம்ப்யூட்டர்கள் சில இதிலேயே எழுந்துவிடும். ஓடிவிட்டால் கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். யூஎஸ்பி ஓட்டைக்குள் கம்பி வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆக மறுக்கும். டார்ச் அடித்து ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்துவிடுங்கள்.

திறப்பதற்கு முன்

கருகிய வாசனை வந்தாலோ, புகை வந்தாலோ, ஆன் செய்யும்போது வீட்டு மெயினே விழுந்தாலோ இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

பவர் கார்டைப் பிடுங்கிய பிறகே பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே எதையும் தொடுமுன் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள், இடையிடையேயும் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடியது. கம்பளத்தின்மேல் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

ஒன்றில் மட்டும் நான் மிகவும் கண்டிப்பு. எஸ்எம்பிஎஸ் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். உயிருக்கே ஆபத்து. அதை முழுதாக மாற்றலாம், பிரிக்கக் கூடாது.

திறந்ததும் கழற்றும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று திரும்ப மாட்டும்போது இந்தப் படம்தான் சொல்லும்.

எந்த அசைவும் இல்லை என்றால்

கார்டை மாட்டி, பட்டனை அழுத்தாமல், மதர்போர்டைப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் ஒரு சிறு விளக்கு எரியும். அது எரிந்தால் நான் முன்பு சொன்ன அந்த 5 வோல்ட் வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். சுவர், கார்டு, பின்பக்கச் சுவிட்ச் மூன்றும் சரி. அப்படியானால் சந்தேகம் பட்டன்மேல் திரும்ப வேண்டும்.

பட்டனைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய ஒயர்கள் வந்து மதர்போர்டின் ஓரத்திலுள்ள ஊசிகளில் மாட்டியிருக்கும். அவற்றில் ஒன்று பவர் பட்டனுடையது, இன்னொன்று ரீசெட் பட்டனுடையது. ஒயர் முனையிலேயே எழுதியிருக்கும். கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனின் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் ரீசெட் பட்டனின் ஒயரை மாட்டுங்கள். மறுபடி கார்டை மாட்டி ரீசெட் பட்டனை அழுத்துங்கள். கம்ப்யூட்டர் ஓடினால் கெட்டது வெறும் பட்டன்தான். ரீசெட் பட்டனையே பவர் பட்டனாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டலாம். பட்டன் தேய்ந்துபோனதை மதர்போர்டு போய்விட்டதாக நினைத்துக் கம்ப்யூட்டரையே மாற்றிவிட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அந்த விளக்கும் எரியவில்லை, அல்லது பட்டன் மாற்றியும் அசைவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு வரும் இரண்டு இணைப்புகளைப் பாருங்கள். ஒன்று 24 ஊசிகள் கொண்ட அகலமான இணைப்பு. இன்னொன்று பிராசசருக்குப் பக்கத்தில், 4 அல்லது 8 ஊசிகளோடு இருக்கும். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் கழற்றி, கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். பிராசசர் பக்கத்து இணைப்பைப் புதியவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் விசிறி சுற்றலாம், பிராசசர் எழாது.

இதற்கும் மசியவில்லையா? எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். கார்டைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டு, டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றுக்கும் போகும் ஒயர்களைக் கழற்றுங்கள். 24 ஊசி இணைப்பில் ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். அதன் ஓட்டையையும் பக்கத்துக் கருப்பு ஒயரின் ஓட்டையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். இணைத்தபின் கையை எடுத்துவிட்டு, கார்டை மாட்டிப் பின்பக்கச் சுவிட்சைப் போடுங்கள். மதர்போர்டு பட்டன் மூலம் செய்யும் வேலையைத்தான் இந்தக் கிளிப் செய்கிறது. எஸ்எம்பிஎஸ் விசிறி சுற்றினால் அதற்கு உயிர் இருக்கிறது. ஆனால் முழுச் சுமையையும் தாங்கும் என்பதற்கு இது சான்று அல்ல. எல்லா ஒயரும் கருப்பாக இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்றால் நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டாம், இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். சில புதிய எஸ்எம்பிஎஸ்கள் சூடு ஏறும்வரை விசிறியைச் சுற்றாது. அவற்றிலும் இதை வைத்து முடிவுக்கு வர முடியாது. கை நடுங்கினால் செய்யவே வேண்டாம். தெரிந்தவரிடமிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது இதைவிட நம்பகமான சோதனை.

அப்படி மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒயர்களை எஸ்எம்பிஎஸ் பக்கமும் கழற்றக்கூடிய வகை இருக்கிறது. அதில் பழைய ஒயரை விட்டுவிட்டுப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றக் கூடாது. அந்த முனையில் எந்த ஊசியில் எத்தனை வோல்ட் வரும் என்பதற்குப் பொது விதி கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கும். செருகும்போது சரியாகப் பொருந்தினாலும், ஆன் செய்த நொடியில் டிஸ்க்கை எரித்துவிடக்கூடும்.

விசிறி சுற்றுகிறது, திரை கருப்பு

மானிட்டரில் ஆரம்பியுங்கள். அதன் விளக்கு எரிகிறதா, கேபிள் மாட்டிய ஓட்டையும் மானிட்டர் மெனுவில் தேர்ந்தெடுத்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் மாட்டியிருக்க வேண்டும், மேலே மதர்போர்டிலிருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டையில் அல்ல. பெட்டியை இடம் மாற்றிய பிறகு வரும் கருப்புத் திரைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அது சரி என்றால் ரேம். என் அனுபவத்தில் கருப்புத் திரைகளில் மிகப் பல ரேமிலேயே தீர்ந்திருக்கின்றன. தூசியும் ஈரக்காற்றும் சேர்ந்து அதன் தங்க நிறப் பற்களின்மேல் மெல்லிய படலம் போல ஒட்டிக்கொள்ளும். பவர் கார்டைப் பிடுங்குங்கள். ரேமின் ஓரத்துக் கொக்கிகளைத் திறந்து வெளியே எடுங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி திறக்கும், வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். பற்களை உலர்ந்த மென்மையான துணியால் துடைத்து, அது செருகியிருந்த ஸ்லாட்டில் இருக்கும் தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் துணியில் சிறிது தொட்டுத் துடைத்து, முழுதாகக் காய்ந்தபின் மாட்டலாம். தண்ணீர் கூடாது.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். நாலு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்தான் ஒற்றை ரேமுக்கு உரியது. இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்தினால் கொக்கி தானாக மூட வேண்டும். நாம் பயப்படும் அளவுக்குக் கொஞ்சம் பலமாகவே அழுத்த வேண்டியிருக்கும். ஓடவில்லை என்றால் மறுபடி பவர் கார்டைப் பிடுங்கி, அந்த ரேமை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில் போடுங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் வேறு ஸ்லாட். இப்படிப் போனால் கெட்டது ரேமா ஸ்லாட்டா என்று பிரிந்துவிடும்.

இந்த இடத்தில் கம்ப்யூட்டரே நம்மோடு பேசும். பல புதிய போர்டுகளின் ஓரத்தில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நாலு சிறு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாமல் நின்றுவிடுகிறதோ அங்கேதான் சிக்கல். சிபியூ என்பது பிராசசர், டிராம் என்பது ரேம், விஜிஏ என்பது கிராபிக்ஸ், பூட் என்பது விண்டோஸை எழுப்பும் டிஸ்க். விளக்கு இல்லாத போர்டுகளில் சிறு ஸ்பீக்கர் இருந்தால் பீப் ஒலி வரும். நீண்ட ஒலி எத்தனை, குறுகிய ஒலி எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு மதர்போர்டுக் கையேட்டில் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் பீப்புக்கு இருக்கும் அர்த்தம் இன்னொன்றுக்கு இராது.

ரேம் சரி என்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள், அதற்கான தனி பவர் ஒயரையும் மறக்காதீர்கள். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டை எடுத்துவிட்டு மானிட்டரை மதர்போர்டில் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை, இந்தச் சோதனை செல்லாது.

மதர்போர்டில் காசு போல வட்டமாக இருக்கும் பேட்டரியின் பெயர் சிஆர்2032, 3 வோல்ட். பவர் கார்டைப் பிடுங்கிய நிலையில் அதைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்டினால், ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸின் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். அதன்பின் முதல் முறை ஆன் செய்யும்போது, முக்கியமாக டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் உள்ள கம்ப்யூட்டர்களில், சில நிமிடங்கள் திரை கருப்பாகவே இருக்கலாம். ரேமை அது பழகிக்கொள்கிற நேரம் அது. இடையில் ஆஃப் செய்துவிடாமல் காத்திருங்கள்.

சுற்றி நின்றுவிடுகிறது என்றால்

பெரும்பாலும் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகி எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. உள்ளே ஸ்க்ரூ ஏதாவது கழன்று மதர்போர்டுக்கு அடியில் கிடக்கிறதா, செத்த பூச்சி ஒட்டியிருக்கிறதா, மதர்போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிராசசர்மேல் இருக்கும் கூலர் ஆடினாலோ, அதன் பிடி ஒரு பக்கம் கழன்றிருந்தாலோ பிராசசர் சில நொடிகளில் சூடேறி நின்றுவிடும். கூலரைக் கழற்ற நேர்ந்தால் அதற்கும் பிராசசருக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவித்தான் மாட்ட வேண்டும்.

ஒன்றும் கண்ணில் படாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மதர்போர்டு, கூலரோடு பிராசசர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இருக்கட்டும். அது நிற்காமல் ஓடினால் மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. இந்த நாலு மட்டுமே இருக்கும்போதும் நின்றால், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தாயிற்று என்றால், பெரும்பாலும் மதர்போர்டுதான். பிராசசர் தானாகக் கெடுவது அரிது.

லேப்டாப்புக்கு

சார்ஜரை வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள், லேப்டாப்பின் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். அதே டைப்-சி முனை இருக்கிறதென்று போன் சார்ஜரை மாட்டினால் பல லேப்டாப்களுக்கு அந்த வாட் போதாது. பேட்டரி முழுதாக வடிந்திருந்தால் அரை மணி நேரம் சார்ஜில் விட்டபின் முயலுங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மாட்டி ஆன் செய்யுங்கள். விசிறி ஓசை கேட்டும் திரை கருப்பாக இருந்தால், இருட்டறையில் திரைமேல் சாய்வாக டார்ச் அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது திரையின் பின்விளக்கு மட்டும். அடிப்பகுதியோ டச்பேடோ உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் செய்யாமல், அழுத்தாமல், குத்தாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது

இதுவரை செய்தவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த விளக்கு எரிந்தது, எத்தனை பீப், எந்த ரேம் எந்த ஸ்லாட்டில், எந்த எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்த்தது என்று எல்லாம் அதில் இருந்தால் அவர் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை, தேவையில்லாத பாகத்தை மாற்றுவதற்கும் இடம் இருக்காது. முடிந்தால் டிஸ்க்கை நீங்களே கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகிறதா என்று பார்க்க டிஸ்க் தேவையில்லை. அவசரமாக ஃபைல் வேண்டுமானால் டிஸ்க்கின் வகைக்கு ஏற்ற யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் படிக்கலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் பிட்லாக்கர் போட்டிருந்தால் அப்போது 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்கும். பலருக்கும் அது அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்தே அந்தக் கணக்குக்குள் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம்.